சாவகச்சேரியும் ஒரு துண்டுத் தோலும்

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர் பலரும் சாவகச்சேரியைக் கடந்து செல்கின்றனர். இறங்கி நின்று பார்ப்போர் சிலரே. கொழும்புக்குப் போகும் பேருந்தின் சாளரத்தினூடே அவ்வூர் ஒரு சந்தையாகவும் சில கடைகளாகவும் தோன்றி மறைந்துவிடும். ஆனால் விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, அவசரமின்றி அங்கே சென்று வருவோருக்கு அவ்வூர் சொல்லும் செய்திகள் மிகப் பல. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கே எழுத விரும்புகின்றேன். ஒரு துண்டுத் தோலைப் பற்றிய செய்தி அது.

நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியதும் வலிகாமம் பின்னே நின்றுவிடுகிறது, தென்மராட்சி தொடங்குகிறது. செம்மண் மறைந்து, மணல் கலந்த வெளிறிய நிலம் கண்ணிற் படுகிறது. கைதடி, நுணாவில் எனத் தென்னையும் மாவும் பலாவும் அடர்ந்த ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பத்து மைல் அளவில் சாவகச்சேரி வந்துவிடும்.

ஊரின் பெயரே ஒரு வரலாறு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மலாய்த் தீபகற்பத்துத் தாம்பிரலிங்க நாட்டிலிருந்து படையெடுத்து வந்தவன் சந்திரபானு என்னும் சாவக மன்னன். அவன் முதன்முதலாக இலங்கையின்மேற் படை கொண்டு வந்தது 1247ஆம் ஆண்டிலாகும். அவனுடைய மக்கள் தங்கியிருந்த சேரியே சாவகச்சேரி ஆயிற்று என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். நாவற்குழிக்கு அருகே சாவகன்கோட்டை என்ற ஊர்ப்பெயரும் வழங்குதல் இக்கருத்துக்கு வலுவூட்டுகின்றது. கடல் கடந்து வந்தவர் மறைந்தனர். பெயர் மட்டும் எழுநூறு ஆண்டுகளைக் கடந்து வாழ்கின்றது.

புகையிரத வரலாற்றிலும் இவ்வூருக்கு ஓர் இடமுண்டு. 1902ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வடக்கே முதன்முதலாகப் புகைவண்டி ஓடியபோது, காங்கேசன்துறையிற் புறப்பட்ட பாதை சாவகச்சேரியோடு முடிந்தது. கொழும்புவரை பாதை இணைந்தது 1905இலேதான். 1990இல் நின்றுபோன வண்டி, 2014 ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணம்வரை வந்தது.

சந்தையும் பலாமரமும்

சாவகச்சேரிக்குச் செல்வோர் சந்தையைப் பாராமல் திரும்புதல் முறையன்று. மாம்பழக் காலத்தில் அங்கே வீசும் வாசனையை எழுத்தில் அடக்க இயலாது. மட்டுவிற் கத்தரிக்காய் என்றால் குடாநாடெங்கும் தனி மதிப்பு. அம்மட்டுவில்தான் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்கும், பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்களின் பிறப்புக்கும் உரிய ஊர். பங்குனித் திங்கட்கிழமைகளில் அக்கோயிலிற் பொங்கல் பொங்கக் கூடும் மக்கள் வெள்ளம் பெரிது.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தென்மராட்சியின் புகழ் பலாவிலே தங்கியிருக்கிறது. பலாச்சுளையைச் சுவைப்போர் மரத்தை மறந்துவிடுகின்றனர். கோயில் வீதிகளில் முழங்கும் தவிலின் கொட்டு பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுவது. மிருதங்கத்தின் உடலும் அம்மரமே. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933 - 1975) தமிழகத்து மேடைகளிலும் புகழ் பெற்றாரென்றால், அவருடைய விரல்களுக்கும் நாதத்துக்கும் இடையே நின்றவை இரண்டு: ஒன்று பலாமரம், மற்றொன்று தோல். மரத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நாம் தோலைப் பற்றிப் பேசத் தயங்குகின்றோம். அத்தயக்கத்தின் காரணத்தைப் பின்னர் பார்ப்போம்.

இச்சந்தை பட்ட துன்பமும் சொல்லப்படவேண்டியதே. 1987 ஒக்ரோபரில் உலங்குவானூர்தித் தாக்குதலில் இச்சந்தைப் பகுதியிற் பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர். 2000ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிச் செப்ரெம்பர்வரை நடந்த போரிலே நகரம் முழுவதும் இடிபாடாயிற்று. கூரையோடு நின்ற கட்டடத்தைத் தேடிக் காணவேண்டிய நிலை. இடம்பெயர்ந்த மக்களுட் பெரும்பாலோர் 2002இல் ஏற்பட்ட போர் நிறுத்தத்தின் பின்னரே வந்து தம் காணிகளை மீண்டும் துப்புரவாக்கினர். இன்று அங்கே காணும் கடைகளும் வீடுகளும் அதன்பின் எழுந்தவை. வடுக்களைத் தேடினாலன்றிக் காண்பதரிது. ஆயினும் ஊரவரோடு பேசத் தொடங்கினால், எந்தப் பேச்சும் சிறிது நேரத்தில் அந்த ஆண்டைத் தொட்டே திரும்பும்.

வீட்டுக்கொரு துவக்கு இருந்த காலம்

தமிழகத்தார் துப்பாக்கி என்பதை நம்மவர் துவக்கு என்பர். போர் தொடங்குவதற்கு முன்னர், துவக்கு என்ற சொல் இன்று எழுப்பும் அச்சத்தை எழுப்பியதில்லை. வயலும் தோட்டமும் உடைய சில வீடுகளில் அனுமதிப்பத்திரம் பெற்ற வேட்டைத் துவக்கு ஒன்று இருக்கும். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் அதனைப் பதிந்து, ஆண்டுதோறும் பத்திரத்தைப் புதுப்பிக்கவேண்டும். பயிரைத் தின்னவரும் விலங்குகளை விரட்டுதற்கும், கடனீரேரிக் கரையில் நீர்ப்பறவைகளைச் சுடுதற்கும் அது பயன்பட்டது. 1980களில் இவ்வகைத் துவக்குகள் பல இயக்கங்களின் கைக்குப் போயின. வேறு பல அரசின் கைக்குப் போயின. அத்துடன் அந்தப் பழைய வேட்டைக்காரரின் காலமும் முடிந்தது.

சந்தைக்கு அண்மையில், மரநிழலிற் செருப்புத் தைக்கும் முதியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் இத்துவக்குகளின் நினைவு வந்தது. எழுபது வயதைக் கடந்தவர். என் கைப்பையின் அறுந்த வாரைத் தைத்தபடியே அவர் சொன்னார்: "இப்ப சப்பாத்தும் பையுந்தான் மாஸ்டர். அப்பற்ர காலத்தில சைக்கிள் சீற், மேளம், வண்டில் மாட்டுக்கு வார், எல்லாத்துக்கும் எங்களிட்டத்தான் வருவினம். இரண்டொருதரம் துவக்குக் கட்டைக்கும் தோல் போட்டுக் குடுத்தவர்."

"துவக்குக்கு ஏன் ஐயா தோல்?" என்று கேட்டேன்.

"தோளில உதைக்குமெல்லோ!" என்று சிரித்தார் அவர்.

அந்த ஒரு விடையில் பெளதிகவியற் பாடம் ஒன்றே அடங்கியிருக்கின்றது. மாணவர்களின் பொருட்டு அதனைச் சற்று விரித்துரைப்பேன்.

உதைப்பின் கணக்கு

வேட்டைத் துவக்குகளிற் பெருவழக்கானது பன்னிரண்டாம் இலக்கத்தது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று பொருந்தும் அளவினதாகக் குழல் அமைந்திருக்கும், அதனாலேயே அப்பெயர். அதிலிருந்து வெளியேறும் ஈயச் சன்னங்களின் மொத்த நிறை ஏறத்தாழ 28 கிராம். வேகமோ செக்கனுக்கு 400 மீற்றர் அளவு. துவக்கின் நிறை 3 கிலோகிராம் என்று கொள்வோம். ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்பது நியூற்றனின் மூன்றாம் விதி. சன்னத்தின் நிறையை அதன் வேகத்தாற் பெருக்கித் துவக்கின் நிறையால் வகுத்தால், துவக்குச் செக்கனுக்கு நான்கு மீற்றருக்குச் சற்றுக் குறைவான வேகத்திற் பின்னே பாய்வது தெரியவரும். மருந்து எரிந்து வெளியேறும் வாயுவையும் சேர்த்தால் அவ்வேகம் இன்னுங் கூடும். அந்த மூன்று கிலோப் பொருள் மோதி நிற்கும் இடம் சுடுபவரின் தோள்.

இவ்வுதைப்பை இல்லாமற் செய்ய இயலாது, மெல்லச் செய்யலாம். தேங்காயொன்றைச் சீமெந்துத் தரையில் எறிந்தால் உடைகிறது. அதே தேங்காய் மணலில் விழுந்தால் உடைவதில்லை. விழுந்த வேகம் ஒன்றே. மணல் அதனைச் சிறிது சிறிதாக நிறுத்துகிறது; சீமெந்து ஒரே கணத்தில் நிறுத்துகிறது. நிற்கும் நேரம் நீள நீள, அடியின் வலு குறைகின்றது. துடுப்பாட்டத்தில் வேகமாக வரும் பந்தைப் பிடிப்போன் கைகளைப் பின்னே இழுத்துக்கொள்வதும் இதனாலேயே. துவக்குக் கட்டையின் முனையில் ஓர் அங்குலத் தடிப்பில் இறப்பர் மெத்தையொன்றைப் பொருத்துவது இந்த மணலின் வேலையைச் செய்விப்பதற்கேயாம்.

இறப்பர் மெத்தை இங்கிலாந்திற் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழக்கத்துக்கு வந்தது. அதிற் பெயர் பெற்ற சில்வர் என்னும் குடும்பத்தாரின் தொழிற்சாலையாலேயே இலண்டனின் ஒரு பகுதிக்குச் சில்வர்ரவுன் என்ற பெயர் நிலைத்தது. அவ்விறப்பரின் கதையில் இலங்கைக்கும் பங்குண்டு. பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுவந்த விதைகள் இலண்டன் கியூத் தோட்டத்தில் முளைத்தன. அக்கன்றுகள் 1876ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பெற்றுக் கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்ப் பயிர்ச்செய்கைக்கு வித்திட்ட இடங்களுள் அத்தோட்டம் முதன்மையானது.

இறப்பருக்கு ஒரு தோற்சட்டை

இறப்பர் ஒன்றே போதுமானதாயிருக்க, அதன்மேல் தோல் எதற்கு என்ற வினா எழும். பறவை எழும்பிப் பறக்கும் ஓரிரு கணங்களுக்குள் துவக்கைத் தூக்கித் தோளிற் பொருத்தவேண்டும். இறப்பர் சட்டைத் துணியைப் பற்றிக்கொள்ளும். கட்டை உரிய இடத்துக்குப் போகாமல் இடையிலே சிக்கிக்கொள்ளும். வழுவழுப்பான தோலோ வழுக்கிக்கொண்டு சென்று சரியாக அமரும். மேலும் வெயிலும் வியர்வையும் எண்ணெயும் பட்டால் இறப்பர் நாளடைவில் இறுகி வெடிக்கும். தோல் அதனைக் காக்கின்றது. இலண்டனில் 1814இல் தொடங்கிய பேர்டி, 1835இல் தொடங்கிய ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் முதலிய பெயர்பெற்ற துவக்குத் தயாரிப்பாளர் இவ்வேலையைத் தனிக் கலையாகவே வளர்த்தனர்.

முதியவரிடம் முறையைக் கேட்டேன். கையிலிருந்த வேலையை நிறுத்தாமலே அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். "முதல்ல றப்பரைத் தேய்ச்சு, தோலின்ர தடிப்பளவுக்குச் சின்னனாக்க வேணும். இல்லாட்டித் தோல் போட்டாப்பிறகு மரத்தை விடப் புடைச்சுக்கொண்டு நிக்கும்." இங்கேதான் கைவினைஞனின் முதற் கணக்குத் தொடங்குகிறது. மூடப்போகும் பொருளுக்கு முன்னதாகவே இடம் ஒதுக்கிவிடவேண்டும். அதை மறந்தவன் எத்துணை அழகாக ஒட்டினாலும் வேலை பிழைத்துவிடும்.

அடுத்தது தோலைத் தெரிந்தெடுத்தல். ஆட்டுத்தோல், கன்றுத்தோல், பன்றித்தோல் ஆகியன மேனாட்டில் வழங்குவன. மெல்லியதாயும் இழுத்தால் இசைந்து கொடுப்பதாயும் இருத்தல் வேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிடும் பழைய முறையில் உருவான தோல் ஈரத்தில் நெகிழ்ந்து, உலர்ந்தபின் தான் பெற்ற வடிவத்தை விடாது வைத்திருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் முதலிய தமிழகத்து ஊர்கள் தோல் பதனிடலாற் பெயர் பெற்றவை. அத்துறைக்கென 1948இல் சென்னையில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்குகின்றது.

பின்னர் தோலின் ஓரங்களைக் கத்தியாற் சீவி, கடதாசி போல மெல்லியதாக்கவேண்டும். "சீவிறதுதான் வேலை. மற்றதெல்லாம் சும்மா," என்றார் அவர். தோலை நனைத்து, பசை தடவிய இறப்பரின் முகத்தில் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்திக்கொண்டே இழுக்கவேண்டும். முகம் உட்குழிந்திருப்பதால், குழியிலே முதலிற் படியச் செய்யாவிட்டால் தோல் அங்கே கூடாரம்போல் எழும்பி நிற்கும். வளைவான முனைகளில் தோல் மிகுந்து சுருக்கம் விழும். மரத்தை நோக்கிய பக்கத்துக்கு மடித்த பின்னரே, அச்சுருக்கங்களைச் சிறுசிறு முக்கோணங்களாக வெட்டி நீக்கவேண்டும். வெளியே தெரியும் பக்கத்தில் ஒரு வெட்டும் விழலாகாது. திருகாணி செல்லும் துளைகளைத் தோல் போர்த்த சிறு அடைப்புகளால் மூடுவதும் உண்டு. நன்கு உலர்ந்தபின் மெழுகு தேய்த்து மெருகூட்டினால் வேலை முடிந்தது. மரமும் தோலும் கூடும் இடத்தில் ஒரு மயிரிழைக் கோடு மட்டுமே தெரியவேண்டும்.

"அப்பா செய்ததைப் பாத்தனான். நான் துவக்குக்குச் செய்யேல்லை. சைக்கிள் சீற்றுக்குச் செய்திருக்கிறன். இரண்டும் ஒண்டுதான்," என்று அவர் முடித்தார். தைத்த வாரை இரு கைகளாலும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டே பையை என்னிடம் தந்தார்.

தோல் தொடும் கைகள்

இனி நாம் தயங்கிய இடத்துக்கு வருவோம். இத்தகைய நுட்பம் இலண்டன் பட்டறையொன்றில் இருந்தால் அதனைக் கலை என்கிறோம். விலையுயர்ந்த பொருளின் முத்திரை என்கிறோம். அதே நுட்பம் நம் சந்தையோரத்து மரநிழலில் இருந்தால், அதற்கு ஒரு சாதிப்பெயரைச் சூட்டி விலகி நடக்கின்றோம். தவிலுக்குக் கோயிலின் உள்வீதியில் இடம் தந்த சமூகம், அத்தவிலுக்குத் தோல் பதப்படுத்தித் தந்தவனை நெடுங்காலம் வெளிவாசலிலேயே நிறுத்தி வைத்தது. இது மறைக்கவேண்டிய செய்தியன்று. பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய செய்தி.

சட்டம் தன் கடமையைச் செய்யத் தொடங்கி நெடுநாளாயிற்று. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாகப் பொது இடங்களில் ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கியது. அதன் பின்னும் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் போராடியே உரிமை பெறவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டத்தை அறியாதார் இலர். தமிழகத்திலும் இவ்வினா எழுந்துள்ளது. மிருதங்கம் செய்யும் தொழிலாளரின் வாழ்வை ஆராய்ந்து பாடகர் டி. எம். கிருஷ்ணா எழுதிய நூல் 2020இல் வெளிவந்தபோது, மேடையில் வாசிப்பவரைக் கொண்டாடும் நாம் கருவி செய்பவரின் பெயரையேனும் அறிந்திருக்கின்றோமா என்ற கேள்வி பலர் நெஞ்சைத் தைத்தது.

இதன் விளைவு ஒன்று நம் கண்முன்னே நிகழ்கின்றது. முதியவரின் மக்கள் இத்தொழிலுக்கு வரவில்லை. ஒருவர் சாரதி, மற்றவர் வெளிநாட்டில். "வேண்டாமெண்டு நான்தான் சொன்னனான்," என்றார் அவர். அவ்வாறு சொன்ன தந்தையை யாரும் குறைகூற இயலாது. இழிவு என்று ஊரார் சொன்னதைத் தம் பிள்ளைகளின் தோளில் ஏற்ற எந்தத் தந்தைதான் விரும்புவார்? ஆனால் தொழிலைத் துறந்தபோது, இழிவோடு சேர்ந்து அறிவும் போகின்றது. தோலின் தடிப்பை விரல்நுனியால் அளந்தறியும் அறிவு எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. பலாப்பழத்தைப் பற்றி வழங்கும் பழமொழியொன்றைச் சற்று மாற்றிச் சொல்வதானால், தோலைத் தள்ளிவிட்டுச் சுளையை மட்டும் விழுங்க நினைத்த சமூகம் இறுதியில் இரண்டையும் இழக்கும்.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. நம் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் மரவேலையும் ஒட்டுவேலையும் கற்பிப்பதுபோல், தோல்வேலையையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பாடமாகக் கற்பிக்கலாம். சாதியின் தொழிலாயிருந்தது கல்வியின் பாடமாக மாறினால், பழைய பெயர் தானாகவே உதிரும். கற்பிக்கும் ஆசிரியராக அம்முதியவரையொத்தவர்களையே மதிப்பூதியம் தந்து அழைக்கவேண்டும்.

குருவிக்காட்டில் மாலைப்பொழுது

சாவகச்சேரியிலிருந்து திரும்புமுன் பிள்ளைகளைச் சரசாலைப் பக்கம் அழைத்துச் செல்லுங்கள். குருவிக்காடு என வழங்கும் கண்டற்காட்டையொட்டிய நீர்ப்பரப்பில், மாரிகாலத்தில் நெடுந்தூரம் பறந்துவரும் வலசைப் பறவைகளைக் காணலாம். வாய்ப்பு நேருமாயின் இன்னும் கிழக்கே சென்று, 1938இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுப் பின்னர் தேசியப் பூங்காவாகிய சுண்டிக்குளத்தையும் பார்க்கலாம். கடனீரேரியின் ஆழமற்ற நீரில் பூநாரைகள் அணிவகுத்து நிற்கும் காட்சி மறக்க இயலாதது.

முன்னொரு காலத்தில் இக்கரைகளிலே துவக்கோடு காத்திருந்தனர். இன்று தொலைநோக்கிக் கண்ணாடியோடு மாணவர் வந்து பறவைகளின் பெயர்களைக் குறித்துச் செல்கின்றனர். இம்மாற்றம் நல்ல மாற்றமே. பல ஆண்டுகள் துவக்கின் ஓசையன்றி வேறோசை கேளாதிருந்த நிலத்தில், பறவையின் குரலைக் கேட்டு நிற்பதே ஒரு பேறு. துவக்கு திரும்பி வரவேண்டாம். அதன் கட்டைக்குத் தோல் போர்த்திய கையின் திறமை மட்டும் போய்விடலாகாது. அதே கை நாளை ஒரு தவிலையோ, ஒரு புத்தகத்தின் அட்டையையோ, ஊனமுற்ற ஒருவரின் செயற்கைக் காலின் பட்டையையோ பொருத்தலாம். போரிற் காலிழந்தோர் பலர் வாழும் நம் நாட்டிலே, உடலில் உரசாமல் அமரும் மெல்லிய தோல் எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதை அவர்களே அறிவர்.

ஆகவே அடுத்த முறை சாவகச்சேரிக்குப் போகும்போது, சந்தையில் மாம்பழமும் மட்டுவிற் கத்தரிக்காயும் வாங்கிய பின்னர், மரநிழலில் அமர்ந்திருக்கும் அத்தொழிலாளரிடமும் சற்று நில்லுங்கள். அறுந்த செருப்பொன்றையோ பையொன்றையோ கொடுங்கள். அவர் வேலை செய்வதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்; கேள்விகள் கேட்கட்டும். அவரை ஐயா என்று அழைக்கவும் அங்கேயே பழகிக்கொள்ளட்டும்.